எல்லா மவுண்டுக்கும் ஒரே ஒழுங்கை: என்.எப்.எஸ். கிளையன்டில் இணைப்புப் பகிர்வு, முழுமையான வழிகாட்டி

வைகாசி, ஆவணி மாதங்களில் யாழ்ப்பாணத்துக் கலியாண வீடியோக்காரரிடம் சும்மா கதைக்கப் போகக் கூடாது. நான் போனேன். கொக்குவில் பக்கம் ஒரு ஸ்டூடியோ. ஆறு எடிற்றிங் கணினிகள், எல்லாம் லினக்ஸ். உள்ளறையில் ஒரு சேர்வர். கமராவிலிருந்து வரும் மூலப் படங்கள், புரொஜெக்ட் கோப்புகள், முடித்த வீடியோக்கள் என்று மூன்று பகிர்வுகளை என்.எப்.எஸ். (இன்னொரு கணினியின் கோப்புகளை வலையமைப்பு வழியாகத் தன் கோப்புகள் போலப் பாவிக்கும் முறை) வழியாகக் கொடுக்கிறது. அவர்களுடைய கரைச்சல் விசித்திரமானது. பத்துக் கிகாபிட் அட்டை போட்ட ஒரு கணினி சில காலைகளில் பறக்கிறது, சில காலைகளில் தவழ்கிறது. அதே சேர்வர், அதே வயர், கதிரையில் அதே பெடியன்.

"தம்பி, சுவிச்சை மாத்துவமோ?" என்று கேட்டார் உரிமையாளர். விலைகூட விசாரித்து வைத்திருந்தார்.

"பொறுங்கோ அண்ணை, முதல்ல ஒண்டை எண்ணிப் பாப்பம்."

நான் எண்ணியது அந்தக் கணினியிலிருந்து சேர்வருக்குப் போகும் ரி.சி.பி. இணைப்புகளை. மவுண்ட், அதாவது கணினியில் மாட்டிய பகிர்வு, மூன்று இருந்தன. இணைப்பு ஒன்றே ஒன்று.

அந்த எண்ணிக்கையை எப்போது கூட்டலாம், எப்போது கைவைக்காமல் விடலாம், கூட்டினால் சேர்வர் பக்கம் என்னென்ன இடிபடும் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன். கட்டளைகளையும் விருப்பங்களையும் ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது வழமைபோல ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

ஏன் ஒன்றே ஒன்று?

என்.எப்.எஸ். 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பிறந்தபோது யு.டி.பி. மேல் ஓடியது. இணைப்பு என்ற பேச்சே அப்போது இல்லை. ரி.சி.பி.க்கு வந்த பிறகுதான் மவுண்டுக்கு ஒரு இணைப்பா, சேர்வருக்கு ஒரு இணைப்பா என்ற கேள்வி எழுந்தது.

மவுண்டுக்கு ஒன்று என்று போனால் முதலில் முடிந்துபோவது போர்ட், அதாவது இணைப்புக்கு வாசலாக இருக்கும் எண். லினக்ஸ் கிளையன்ட் (பகிர்வைப் பாவிக்கும் கணினி) இயல்பாக 1024க்குக் கீழே உள்ள ஒதுக்கப்பட்ட போர்ட்களில் இருந்துதான் சேர்வரை அழைக்கும். அதிலும் 665 முதல் 1023 வரைதான் எடுக்கும். கூட்டிப் பார்த்தால் 359. அந்த வரிசைக்குள்ளேயே 993, 995 போன்ற மின்னஞ்சல் போர்ட்களும் இருக்கின்றன. ஒவ்வொரு மாணவருடைய வீட்டு அடைவையும் தனித்தனியாக மவுண்ட் செய்யும் ஓர் ஆய்வுகூடக் கணினியை நினைத்துப் பாருங்கள். 359 எத்தனை நாளைக்குக் காணும்?

ஆகவே லினக்ஸ் கிளையன்ட் சிக்கனமாக நடக்கிறது. சேர்வரின் ஐ.பி. முகவரி, என்.எப்.எஸ். பதிப்பு, ரி.சி.பி.யா வேறா என்ற போக்குவரத்து முறை, இவை ஒத்துப்போனால் "இது எனக்குத் தெரிந்த சேர்வர்தான்" என்று ஏற்கெனவே உள்ள இணைப்பிலேயே புதிய மவுண்டையும் ஏற்றிவிடும். பெயரைச் சொல்லி மவுண்ட் செய்தாலும் எண்ணைச் சொல்லிச் செய்தாலும் கடைசியில் ஒரே ஐ.பி. என்றால் ஒரே இணைப்புத்தான். 3ஆம் பதிப்பில் ஒரு மவுண்ட், 4.2இல் ஒரு மவுண்ட் என்றால் இரண்டு இணைப்பு. தனக்கென ஒரு நெற்வேர்க் நேம்ஸ்பேஸ் (தனி வலையமைப்புச் சூழல்) வைத்திருக்கும் கொன்டெய்னருக்குள் இருந்து மவுண்ட் செய்தால் அது தனிக் கணக்கு.

சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. இரண்டு பக்கமும் கிடுகு வேலி அடைத்த ஒழுங்கைக்குள் முன்னால் வைக்கோல் ஏற்றிய லாண்ட்மாஸ்டர் என்ற சின்ன உழவு இயந்திரம் போனால், பின்னால் வரும் சைக்கிளும் அதன் வேகத்தில்தான் போக வேண்டும். ஒரு இணைப்பில் கோரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வெளியே போகும். ஒரே தடவையில் எழுத அனுப்பும் உச்ச அளவான டபிள்யூசைஸ் 1 எம்.பி. என்று வையுங்கள். ஒரு கிகாபிட் வயரில் ஒரு எழுதும் கோரிக்கை வெளியேற ஏறத்தாழ 9 மில்லிசெக்கன் எடுக்கும். முன்னால் அப்படி 16 நின்றால், ஒரு கோப்பின் அளவை மட்டும் கேட்கும் 200 பைட்டுக்கும் குறைவான சின்னக் கோரிக்கை 140 மில்லிசெக்கன் காத்திருக்க வேண்டும். 400 கிளிப் உள்ள கோப்புறையைத் திறக்கும்போது ஒவ்வொன்றுக்கும் இப்படி நடந்தால், கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். பக்கத்து மவுண்டில் யாரோ எக்ஸ்போர்ட் கொடுத்தால் இந்த மவுண்டில் கோப்புப் பட்டியல் உறைவது இதனால்தான்.

பத்துக் கிகாபிட் வயரில் கதை கொஞ்சம் வேறு. அங்கே வயருக்கு முன் களைப்பது சி.பி.யு. ஒரு ரி.சி.பி. ஓட்டத்தில் உள்ளே வரும் பொதிகளை நெற்வேர்க் அட்டை பொதுவாக சி.பி.யு.வின் ஒரே கோருக்கே (ஒரு பகுதிக்கே) அனுப்பும். சேர்வர் பக்கமும் ஒரு இணைப்பில் வரும் கோரிக்கைகளை ஒரு நேரத்தில் ஒரு திரெட்தான் (சேர்வருக்குள் ஒரு வேலையாள் மாதிரி) வாசித்தெடுக்கும். பதில் அனுப்புவதிலும் அதே வரிசைதான். மற்றக் கோர்கள் பார்த்துக்கொண்டு இருக்கும்.

படி 1: எண்ணுங்கள்

லினக்ஸின் உள்மையமான கேர்னலின் பதிப்பைப் பாருங்கள். நமக்கு வேண்டிய, இணைப்பு எண்ணிக்கையைக் கூட்டும் என்கனெக்ட் என்ற விருப்பம் 2019 செப்டெம்பரில் வந்த 5.3இல்தான் சேர்ந்தது. உபுண்டு 20.04, டெபியன் 11 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் பயமில்லை.

அடுத்து எஸ்.எஸ். கட்டளையை ரி, என் என்ற இரண்டு எழுத்துகளோடு ஓட்டி, சேர்வரின் 2049 போர்ட்டுக்குப் போகும் வரிகளை எண்ணுங்கள். ஒன்று கவனம்: 3ஆம் பதிப்பில் ஐந்து நிமிடம் சும்மா கிடக்கும் இணைப்பைக் கிளையன்ட் மூடிவிடும். ஒரு பெரிய கோப்பை நகலெடுக்க விட்டுவிட்டு எண்ணுவதுதான் புத்தி.

/ப்ரொக்/மவுண்ட்ஸ் கோப்பையும் ஒருக்கா வடிவாகப் பாருங்கள். அங்கே பதிப்பு, ஆர்சைஸ் (ஒரே தடவையில் வாசிக்கும் உச்ச அளவு), டபிள்யூசைஸ், என்கனெக்ட் எல்லாம் தெரியும். என்கனெக்டைப் பொறுத்தவரை அங்கே எழுதியிருப்பது உண்மையில் கிடைத்த எண். நீங்கள் எப்.எஸ்.டாப் கோப்பில் (கணினி எழும்பும்போது எவற்றை மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) கேட்ட எண் அதுவாக இருக்க வேண்டியதில்லை.

படி 2: காத்திருப்பு எந்தப் பக்கம்?

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு மினக்கெடுகிறார்கள். என்.எப்.எஸ்.ஐ.ஓ.ஸ்டாட் கட்டளையை 5 செக்கன் இடைவெளியில் ஓட விடுங்கள். முதலில் வரும் அறிக்கையைக் கணக்கில் எடுக்க வேண்டாம், அது மவுண்ட் செய்த நாள் தொடக்கம் உள்ள சராசரி. இரண்டாவதிலிருந்து பாருங்கள்.

ஒவ்வொரு வாசிப்புக்கும் எழுதுதலுக்கும் இரண்டு நேரங்கள் வரும். ஆர்.ரி.ரி. என்பது கோரிக்கை வயரில் ஏறியது முதல் பதில் வந்தது வரை. எக்ஸி என்பது கிளையன்ட் அந்தக் கோரிக்கையை உருவாக்கியது முதல் முடிந்தது வரை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஒழுங்கை வாசலில் நின்ற நேரம்.

ஆர்.ரி.ரி. 2 மில்லிசெக்கன், எக்ஸி 60 மில்லிசெக்கன் என்றால் கோரிக்கைகள் உங்கள் கணினிக்குள்ளேயே தேங்குகின்றன. இணைப்பைக் கூட்டினால் பலன் கிடைக்கலாம். ஆர்.ரி.ரி.யே 55 என்றால் சேர்வரின் வட்டோ வயரோ திணறுகிறது. அங்கே பத்து இணைப்பு வைத்தாலும் அதே வட்டுத்தான் சுற்றும். ஒரு கிகாபிட் வயரில் ஏற்கெனவே செக்கனுக்கு 110 எம்.பி.க்கு மேல் போகிறது என்றால் வயர் நிரம்பிவிட்டது. அப்போது வாங்க வேண்டியது வேறு அட்டை.

வாசிப்பு மட்டும் மந்தம், இரண்டு நேரமும் சின்னது என்றால் இணைப்பைக் குறை சொல்லாதீர்கள். 5.4 முதல் என்.எப்.எஸ்.ஸின் முன்வாசிப்பு அளவு இயல்பாக 128 கே.பி. ஆகச் சுருங்கிவிட்டது. பெரிய வீடியோவைத் தொடர்ச்சியாக வாசிப்பவருக்கு அது காணாது. /சிஸ்/கிளாஸ்/பி.டி.ஐ. அடைவில் அந்த மவுண்டுக்குரிய ரீட்_அஹெட்_கே.பி. மதிப்பைக் கூட்டிப் பாருங்கள். பலருடைய "நெற்வேர்க் பிரச்சினை" இந்த ஒரு எண்ணோடு தீர்ந்துபோகும்.

படி 3: ஒழுங்கையை அகலமாக்குதல்

விருப்பத்தின் பெயர் என்கனெக்ட். ஒரு சேர்வருக்கு எத்தனை இணைப்பு என்பதைச் சொல்லும், மேல் எல்லை 16. கோரிக்கைகளைக் கிளையன்ட் அந்த இணைப்புகளில் மாறி மாறி ஏற்றும். 3ஆம் பதிப்பிலும் 4.1, 4.2இலும் வேலை செய்யும். 4.0இல் எதிர்பார்க்காதீர்கள். எப்.எஸ்.டாப் வரி இப்படி இருக்கும்:

192.168.10.5:/மூலம் /வேலை/மூலம் என்எப்எஸ்4 வேர்ஸ்=4.2,என்கனெக்ட்=4,ஹார்ட்,_நெட்டேவ் 0 0

எத்தனை வைப்பது? 4இல் தொடங்குங்கள். படி 2ஐ மறுபடி செய்து, எக்ஸிக்கும் ஆர்.ரி.ரி.க்கும் இடைவெளி இன்னும் இருந்தால் 8. அதற்கு மேல் கேட்பவரிடம் நான் முதலில் சேர்வரின் வட்டைப் பற்றித்தான் விசாரிப்பேன்.

இனி அந்தப் பறக்கும் காலை, தவழும் காலைக் கதை. ஸ்டூடியோவில் எனக்கு முன் வந்த யாரோ விசயம் தெரிந்தவர்தான். எப்.எஸ்.டாப் கோப்பில் என்கனெக்ட்=4 இருந்தது. ஆனால் மூன்று வரிகளில் ஒன்றில் மட்டும், மூலப் படங்களுக்குரிய வரியில். கேட்டால் நியாயமாகத்தான் படும்: பெரிய கோப்புகள் அங்கேதானே?

சேர்வருக்கு எத்தனை இணைப்பு என்பதை அந்தச் சேர்வரின் முதல் மவுண்ட் மட்டுமே தீர்மானிக்கும். பிறகு வரும் மவுண்டுகள் ஏற்கெனவே உள்ளதில் ஏறிக்கொள்ளும். அவை கேட்கும் எண்ணைக் கேர்னல் கணக்கெடுக்காது, பிழைச்செய்தியும் தராது. கணினி எழும்பும்போது எல்லாவற்றையும் தொடக்கி வைக்கும் சிஸ்டெம்டி மவுண்டுகளைச் சமகாலத்தில் தொடங்கும், எது முந்தும் என்று சொல்ல முடியாது. மூலப் படங்கள் முந்திய காலையில் நான்கு இணைப்பு. புரொஜெக்ட் கோப்புறை முந்திய காலையில் ஒன்று, அன்றைக்கு முழுக்க ஒன்றுதான்.

தீர்வு, ஒரே சேர்வருக்குப் போகும் எல்லா வரிகளிலும் ஒரே எண்ணை எழுதுவது. தேவைப்படும்போது தானே மவுண்ட் செய்யும் ஓட்டோஎப்.எஸ். பாவிப்பவர்கள் அதன் வரைபடக் கோப்புகளிலும் அப்படியே. யாராவது கையால் மவுண்ட் செய்து பார்ப்பதாக இருந்தாலும் அதே எண்ணைக் கொடுக்க வேண்டும்.

மாற்றிய எண் உடனே பிடிபடாது. ரீமவுண்ட் என்று கொடுத்தால் இணைப்புகள் மாறா. அந்தச் சேர்வரின் அந்தப் பதிப்பு மவுண்டுகள் எல்லாவற்றையும் கழற்றி, பிறகு மாட்ட வேண்டும். ஏதாவது மாட்டிக்கொண்டு கழர மறுத்தால் சிலர் எல் என்ற எழுத்தைப் போட்டுச் சோம்பல் முறையில் கழற்றுவார்கள். அதில் மவுண்ட் கண்ணுக்கு மறையும், ஆனால் யாரோ ஒரு கோப்பைத் திறந்து வைத்திருக்கும்வரை பழைய இணைப்பு உயிரோடு இருக்கும். புதிய மவுண்டும் அதிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். கணினியை ஒருக்கா மறுதொடக்கம் செய்வது வெட்கமான காரியம் இல்லை.

இந்த இடத்தில் நோஷேர்கேஷ் என்ற விருப்பத்தைப் பரிந்துரைப்பவர்களும் உண்டு. பெயரைப் பார்த்தால் பகிர்வை நிறுத்தும் போலத் தோன்றும். அது நிறுத்துவது தற்காலிக நினைவகப் பகிர்வை, இணைப்புப் பகிர்வை அல்ல. ஒரே கோப்பை இரண்டு மவுண்டுகளில் திறந்தால் இரண்டு பழைய பிரதிகள் நினைவகத்தில் கிடந்து ஒன்றோடொன்று முரண்படும். வேகத்துக்காக அதைத் தொடாதீர்கள்.

படி 4: இணைப்பு நான்கு, ஆனால் ஸ்லொட்?

4.1இலும் அதற்கு மேற்பட்ட பதிப்புகளிலும் கிளையன்டும் சேர்வரும் ஒரு செஷன் (தொடர் உரையாடல்) வைத்துக்கொள்ளும். ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கை பதிலுக்குக் காத்து நிற்கலாம் என்பதை ஸ்லொட் எண்ணிக்கை கட்டுப்படுத்தும். லினக்ஸ் கிளையன்ட் இயல்பாகக் கேட்பது 64. என்கனெக்டை 16 ஆக்கினாலும் செஷன் ஒன்றுதான். அந்த 64ஐத்தான் எல்லா இணைப்புகளும், எல்லா மவுண்டுகளும் பங்குபோடும்.

ஒரு எடிற்றிங் கணினிக்கு 64 தாராளம். பத்துப்பேர் ஒரே பெரிய கணினியில் நுழைந்து வேலை செய்யும் இடமென்றால் என்.எப்.எஸ். மொடியூலின் மேக்ஸ்_செஷன்_ஸ்லொட்ஸ் அளவுருவை 128 ஆக்கலாம். சேர்வர் அதைவிடக் குறைவாகச் சம்மதித்தால் அந்தக் குறைந்த எண்தான் நிற்கும்.

லாண்ட்மாஸ்டரையே கொஞ்சம் சின்னதாக்குவதும் ஒரு வழி. எக்ஸ்போர்ட் ஓடும்போது எழுத வேண்டியது முதலில் நினைவகத்தில் குவியும். இயல்புநிலையில் கிடைக்கக்கூடிய நினைவகத்தின் 20 வீதம் வரை குவியலாம். 32 ஜி.பி. கணினியில் அது ஏறத்தாழ 6 ஜி.பி. பிறகு அவ்வளவும் ஒரேயடியாகக் கொட்டும். வி.எம்.டேர்ட்டி_பைட்ஸ் மதிப்பைச் சில நூறு எம்.பி.யாக வைத்தால் கொட்டுவது கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும். ஸ்டூடியோவில் கோப்புறை உறைவது குறைந்ததில் இதற்கும் பங்குண்டு.

படி 5: சேர்வரில் போய் இடிபடும் இடம்

ஆறு கணினிக்கு நான்கு என்றால் 24 இணைப்பு. சேர்வருக்கு அது தூசு. அதே புத்திமதியை நாற்பது கணினி உள்ள ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய், ஆர்வத்தில் 8 என்று வைத்தால் 320.

லினக்ஸ் என்.எப்.எஸ். சேர்வரின் திரெட் எண்ணிக்கை நெடுங்காலமாக இயல்பில் 8. அண்மைக்காலம் வரையான கேர்னல்களில் இணைப்புகளின் மேல் எல்லை இந்தத் திரெட் எண்ணிக்கையை வைத்தே கணிக்கப்பட்டது: திரெட்டோடு 3ஐக் கூட்டி 20ஆல் பெருக்க வேண்டும். 8 திரெட்டுக்கு 220. அதைத் தாண்டினால் சேர்வர் பழைய இணைப்பு ஒன்றை வெட்டிவிடும். வெட்டுப்பட்ட கிளையன்ட் திரும்ப இணையும், இன்னொன்று வெட்டுப்படும். நாற்காலி விளையாட்டு மாதிரி நாள் முழுக்க நடக்கும். சேர்வரின் கேர்னல் பதிவைப் பார்த்தால், இணைப்புகள் கூடிவிட்டன, திரெட்டைக் கூட்டு என்ற எச்சரிக்கை கிடைக்கும்.

/ஈரிசி/என்.எப்.எஸ்.கொன்ப் கோப்பில், என்.எப்.எஸ்.டி. பகுதியில் திரெட்ஸ்=32 என்று எழுதி சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். 32 திரெட்டுக்கு எல்லை 700. ஆனால் ஆய்வுகூட மாணவர்கள் எழுதுவது சின்னச் சின்ன நிரல் கோப்புகள். அங்கே என்கனெக்டே தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

படி 6: இரண்டு வயரைச் சேர்த்துக் கட்டியிருந்தால்

இரண்டு ஒரு கிகாபிட் வயரை பொண்டிங் செய்து வைத்துவிட்டு, இரண்டு மடங்கு வேகம் வரவில்லை என்று சொல்வார்கள். வயர்களை இப்படிச் சேர்த்துக் கட்டும் எல்.ஏ.சி.பி. முறையில் ஒரு ரி.சி.பி. ஓட்டம் ஒரு வயரில்தான் போகும். என்கனெக்ட் வைத்தால் இணைப்புக்கு ஒரு மூலப் போர்ட் என்று ஆகும், ஆனால் பொண்டிங்கின் இயல்பான பகிர்வு விதி லேயர்2. அது பார்ப்பது மெக் முகவரிகளை, அதாவது நெற்வேர்க் அட்டைகளின் அடையாள எண்களை. கிளையன்டும் சேர்வரும் அதே இரண்டுதான் என்பதால் நான்கு இணைப்பும் ஒரே வயரில் போய்விடும். விதியை லேயர்3+4 என்று மாற்றினால் போர்ட்டையும் கணக்கில் எடுக்கும். திரும்பி வரும் திசைக்கு சுவிச்சிலும் அதே மாதிரி விதி வேண்டும். நான்கு இணைப்பும் இரண்டு இரண்டாகப் பிரியும் என்ற உத்தரவாதம் இல்லை, மூன்றும் ஒன்றுமாகப் பிரிந்தாலும் அதிசயமில்லை.

குளோன் போட்ட கணினிகள்

இது இணைப்புப் பகிர்வு இல்லை, அடையாளப் பகிர்வு. ஆனால் கணினிகளைக் கூட்டும்போது முதலில் வெடிப்பது இதுதான். ஓர் ஆய்வுகூடத்தில் ஒரு கணினியை வடிவாகத் தயார் செய்து, அதன் வட்டைப் பிரதியெடுத்து மற்ற எல்லாவற்றிலும் இறக்கியிருந்தார்கள். எல்லாக் கணினிக்கும் ஒரே ஹோஸ்ட்நேம் (கணினியின் பெயர்). ஒரு கணினி தனியே ஓடினால் பிழையில்லை. இரண்டாவது எழும்பியதும் முதலாவதில் திறந்திருந்த கோப்புகள் பிழை காட்டின, பூட்டுகள் தொலைந்தன.

4ஆம் பதிப்பில் கிளையன்ட் தன்னை அறிமுகப்படுத்தும் அடையாளத்தை ஹோஸ்ட்நேமை வைத்தே உருவாக்கும். இரண்டு கணினி ஒரே பெயரில் வந்தால், அதே கணினி மறுதொடக்கம் ஆகி வந்திருக்கிறது என்று சேர்வர் நினைத்து, முன்னையது வைத்திருந்த திறப்புகளையும் பூட்டுகளையும் துடைத்துவிடும். ஒவ்வொரு கணினிக்கும் வெவ்வேறு பெயர் வையுங்கள். அது முடியாத இடத்தில் /ஈரிசி/மொட்ப்ரோப்.டி அடைவில் என்.எப்.எஸ். மொடியூலுக்கு என்எப்எஸ்4_யுனீக்_ஐடி என்ற அளவுருவில் ஒவ்வொரு கணினிக்கும் வெவ்வேறு மதிப்பு கொடுங்கள்.

சேர்வருக்கு இரண்டு ஐ.பி. இருந்தால்

என்கனெக்ட் வருவதற்கு முன் ஒரு பழைய உபாயம் இருந்தது. சேர்வருக்கு இரண்டு மூன்று ஐ.பி. கொடுத்து, ஒவ்வொரு பகிர்வையும் ஒவ்வொரு ஐ.பி. வழியாக மவுண்ட் செய்வார்கள். 3ஆம் பதிப்பில் அது இன்றைக்கும் தனித்தனி இணைப்புத் தரும். 4.1க்கு வந்ததும் ஏமாற்றும். மவுண்ட் செய்யும்போது சேர்வர் தன் அடையாளத்தைச் சொல்லும். இரண்டு ஐ.பி.யும் ஒரே சேர்வர்தான் என்று கிளையன்ட் கண்டுபிடித்து, பழைய இணைப்பிலேயே எல்லாவற்றையும் ஏற்றிவிடும்.

இரண்டு ஐ.பி.யும் உண்மையிலேயே வேறு வேறு அட்டையில் இருந்தால் மேக்ஸ்_கனெக்ட் என்ற விருப்பத்தைக் கொடுக்க வேண்டும். என்கனெக்ட் ஒரு ஐ.பி.க்குள் எத்தனை இணைப்பு என்று சொல்லும். மேக்ஸ்_கனெக்ட், அதே சேர்வரின் வேறு ஐ.பி.களுக்கு எத்தனை இணைப்பு வரை சேர்க்கலாம் என்று சொல்லும், அதற்கும் எல்லை 16. மேக்ஸ்_கனெக்ட்=2 போட்டு முதல் ஐ.பி. வழியாக ஒரு மவுண்ட், இரண்டாவது ஐ.பி. வழியாக இன்னொரு மவுண்ட். பிறகு எஸ்.எஸ். கட்டளையில் இரண்டு ஐ.பி.யும் தெரிகிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுதான் தெரிந்தால், விருப்பம் இல்லாத ஏதோ ஒரு மவுண்ட் முந்திவிட்டது. எப்.எஸ்.டாப் கோப்பைத் திரும்பத் திறவுங்கள்.